துணிப்பை, டப்பா, பாட்டில்: பிளாஸ்டிக்கைக் குறைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்டிக்கைக் குறைக்க வேண்டும் என்று பேச ஆரம்பித்தாலே சில கேள்விகள் தவறாமல் வரும். வீட்டில், பள்ளியில், குடியிருப்போர் கூட்டத்தில் என்று எங்கே போனாலும் கேட்கப்படுபவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நிற்கும்: ஒரு பொருள் எதனால் ஆனது என்பதைவிட அது எத்தனை முறை கைக்குத் திரும்பி வருகிறது என்பதே முக்கியம். அப்படித் திரும்பி வருவதற்கு ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாட்டைத் தனியாளாகச் செய்வதைவிடப் பலர் சேர்ந்து செய்வது சுலபம்.

மறுசுழற்சிதான் நடக்கிறதே, பிறகு எதற்குக் குறைக்க வேண்டும்?

நடக்கிறது, ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. 2015 வரை உலகில் தயாரான பிளாஸ்டிக் மொத்தம் எங்கே போனது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் கணக்கிட்டு 2017-ல் வெளியிட்டார்கள். அதுவரை தயாரானது சுமார் 830 கோடி டன். அதில் 630 கோடி டன் ஏற்கெனவே குப்பையாகிவிட்டிருந்தது. அந்தக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போனது சுமார் 9 சதவீதம், எரிக்கப்பட்டது 12 சதவீதம். மீதி 79 சதவீதம் குப்பைமேட்டிலோ மண்ணிலோ நீரிலோ கிடக்கிறது.

காரணம் மக்களின் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. ஒரு ஷாம்பு பாக்கெட்டை எடுத்துக் கிழித்த ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வெளியே அச்சிட்ட ஒரு படலம், நடுவில் வெள்ளி நிறத்தில் ஒன்று, உள்ளே இன்னொன்று என்று மெல்லிய அடுக்குகள் ஒட்டிக் கிடக்கும். இவற்றைப் பிரித்தெடுக்கச் செலவு கட்டுப்படியாகாது. கிழித்த அந்தச் சின்ன மூலைத்துண்டோ எந்தச் சல்லடையிலும் நிற்காது. தண்ணீர் பாட்டில் (பெட் என்ற வகை பிளாஸ்டிக்), பால் கேன் (எச்டிபிஇ என்ற வகை) போன்ற கெட்டியான பொருட்களுக்குப் பழைய பொருள் சந்தையில் மதிப்பு உண்டு. ஆனால் உருக்க உருக்க அவற்றின் தரமும் இறங்குகிறது. பாட்டில் பெரும்பாலும் மறுபடி பாட்டிலாவதில்லை, துணி இழையாகிறது. இழை பழசானால் அதற்குப் பிறகு வழியில்லை.

இன்னொன்று. அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் 1 முதல் 7 வரையிலான எண் அது என்ன வகை பிளாஸ்டிக் என்று மட்டுமே சொல்கிறது. மறுசுழற்சி ஆகும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

உங்கள் குப்பைத்தொட்டியிலிருந்து. ஒரு வாரம் பிளாஸ்டிக் குப்பையை மட்டும் தனியாகச் சேர்த்து வையுங்கள், அழுக்கானதை அலசிவிட்டு. வாரக் கடைசியில் பழைய செய்தித்தாளை விரித்துக் கொட்டி வகை பிரியுங்கள்: கைப்பிடிப் பைகள், பால் உறைகள், தின்பண்ட உறைகள், பாட்டில்கள், பார்சல் டப்பாக்கள், சோப்பு, ஷாம்பு சம்பந்தப்பட்டவை. எந்தக் குவியல் பெரிது என்று பார்த்ததும் எதில் கைவைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பலருக்கு ஆச்சரியம் தருவது பார்சல் குவியல்தான். பைகளைப் பற்றியே யோசித்துக் கொண்டிருப்போம், ஆனால் இடத்தை அடைத்திருப்பது வேறொன்றாக இருக்கும்.

பெரிய குவியல்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற நினைப்பவர்கள் சீக்கிரமே களைத்துப் போய்விடுகிறார்கள்.

வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிட்டு எவர்சில்வர், கண்ணாடி என்று மாற்றிவிடட்டுமா?

வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் டப்பாவை எறிவதும் குப்பைதான். புதிதாக வாங்கும் எவர்சில்வருக்கும் சுரங்கம், உலை, லாரி என்று ஒரு செலவு பின்னால் இருக்கிறது.

வேலையை மட்டும் மாற்றுங்கள். சூடான உணவு, எண்ணெய், புளிப்பு ஆகியவற்றைப் பிளாஸ்டிக்கில் வைக்காதீர்கள். மைக்ரோவேவில் அதை வைக்கவே வேண்டாம். டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020-ல் பாலிபுரொப்பிலீன் என்ற வகை பிளாஸ்டிக்கில் செய்த பால் புட்டிகளைச் சோதித்தபோது, ஊற்றிய தண்ணீரின் சூடு ஏற ஏற உதிர்ந்த நுண்துகள்களும் கூடின. எனவே பழைய டப்பாக்கள் பருப்பு, தானியம், தையல் சாமான், ஆணி, திருகு என்று உலர்ந்த பொருட்களுக்குப் போகட்டும். உடைந்தபின் மாற்றும்போது எவர்சில்வரோ கண்ணாடியோ வாங்கிக்கொள்ளலாம்.

துணிப்பை உண்மையிலேயே நல்லதா? அதைத் தயாரிக்கத்தான் அதிகச் செலவாகிறது என்கிறார்களே?

அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, பாதி உண்மை. டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் வெளியிட்ட ஒப்பீட்டின்படி, பருவநிலையை மட்டும் கணக்கில் எடுத்தால் ஒரு சாதாரணப் பருத்திப் பையைக் குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான் அது கடைப் பிளாஸ்டிக் பையைவிட மேல். தண்ணீர், ஓசோன் படலம் உள்ளிட்ட எல்லா அளவுகோல்களையும் சேர்த்தால் 7,100 முறை என்று வருகிறது. பிரிட்டனில் 2011-ல் செய்த இன்னொரு கணக்கு, மெல்லிய பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டு, பருவநிலைக்கு 131 முறை என்றது. எதனோடு ஒப்பிடுகிறோம், பிளாஸ்டிக் பையை மறுபடி குப்பைப் பையாகப் பயன்படுத்துகிறோமா என்பதைப் பொறுத்து எண் மாறும்.

ஆனால் டென்மார்க் கணக்கில், தெருவில் பறந்து சாக்கடையை அடைத்துக் கடலுக்குப் போகும் பையின் பாதிப்பு சேரவில்லை. நாம் கவலைப்படுவதே அதற்காகத்தான். இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: துணிப்பையை வருடக்கணக்கில் பயன்படுத்துங்கள். வாரம் இரண்டு முறை எடுத்துப்போனால் 131 முறை என்பது ஒன்றேகால் வருடம். நல்ல தையல் போட்ட பை அதைத் தாண்டித் தாங்கும். பழைய புடவை, வேட்டி, ஜன்னல் திரையிலிருந்து தைத்த பை என்றால் புதுப் பருத்திக்கான கணக்கே இல்லை.

இதில் எனக்கு வருத்தமான ஒரு விஷயம் இருக்கிறது. விழிப்புணர்வு என்ற பெயரில் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் சின்னம் அச்சிட்டுப் புதுத் துணிப்பை கொடுக்கிறார்கள். ஒரு வீட்டில் இருபது துணிப்பை மடித்துக் கிடந்தால் அது பிளாஸ்டிக்கைக் குறைத்ததாகாது. வந்தவர்களுக்குப் பை கொடுப்பதற்குப் பதிலாக, ஒரு தையல் இயந்திரத்தைப் போட்டு அவர்கள் கொண்டுவரும் பழைய துணியில் பை தைத்துக் கொடுங்கள்.

காகிதப் பை?

ஒரே முறை பயன்படுத்தி எறிவதென்றால் பெரிய லாபமில்லை. மரமும் தண்ணீரும் செலவாகின்றன, நனைந்தால் கிழிகிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் பழைய செய்தித்தாள் பொட்டலம் போதும். ஆனால் அச்சு மை உணவில் நேரடியாகப் படக்கூடாது.

‘மக்கும் பிளாஸ்டிக்’ என்று எழுதியிருந்தால் கவலையில்லையா?

கவலை இருக்கிறது. தாவர மாவுப்பொருளிலிருந்து செய்யும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் மக்குவதற்குச் சுமார் 60 டிகிரி சூடு விடாமல் நீடிக்கும் தொழிற்கூட உரக்கிடங்கு வேண்டும். வீட்டு உரக்குழியிலோ கடலிலோ அது அப்படியே கிடக்கும். பெட் பாட்டில்களோடு கலந்துவிட்டால் அந்த மறுசுழற்சியையும் கெடுக்கும். சில பைகளில் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்து ‘தானாகச் சிதையும்’ என்று விற்றார்கள். சிதைந்தது உண்மை, பொடிப்பொடியாக. பிளாஸ்டிக் எங்கேயும் போகவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் இந்த வகையைத் தடை செய்தது. பொருள் வந்து சேரும் இடத்தில் அதற்கான உரக்கூடம் உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அந்தப் பெயர் வெறும் அச்சு.

தண்ணீர் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போகிறேன், ஆனால் நாளடைவில் ஒரு வாடை வருகிறது. என்ன செய்வது?

பெரும்பாலும் வாடை வருவது மூடியிலிருந்து. மூடியின் உட்புறம் வட்டமாக ஒரு ரப்பர் வளையம் இருக்கும். கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்துப் பாருங்கள். அதன் அடியில் வழவழப்பாகக் கருப்பு படிந்திருந்தால் அதுதான் காரணம். வாரம் ஒருமுறை வளையத்தைக் கழற்றிப் பழைய பல் துலக்கியால் தேய்த்து, வெந்நீரில் அலசி, முழுக்கக் காய்ந்தபின் மாட்டுங்கள். பாட்டிலை இரவில் மூடாமல் கவிழ்த்து வையுங்கள். உள்ளே வாடை போகவில்லை என்றால் ஒரு கரண்டி சமையல் சோடாவும் வெந்நீரும் ஊற்றிச் சில மணி நேரம் வைத்துக் கழுவினால் சரியாகும்.

வாங்கும்போது கை நுழையும் வாய், தனியாகக் கழன்று வரும் வளையம், உதிரியாகக் கிடைக்கும் மூடி ஆகிய மூன்றையும் பாருங்கள். நிறத்தையும் படத்தையும் பார்த்து வாங்கிய பாட்டில்கள், மூடி உடைந்ததும் உடம்பு நல்லபடி இருக்கும்போதே குப்பைக்குப் போகின்றன.

துணிப்பைக்கும் இதே கவனம் வேண்டும். அமெரிக்காவில் கடைக்கு வந்தவர்களின் பைகளைச் சோதித்த ஓர் ஆய்வில் 8 சதவீதம் பைகளில் ஈ.கோலை கிருமி இருந்தது. துவைத்ததும் கிட்டத்தட்ட எல்லாக் கிருமியும் போய்விட்டது. இறைச்சி, மீனுக்கு ஒரு பை, காய்க்கு ஒரு பை என்று வைத்துக்கொண்டு அடிக்கடி துவைத்தால் பயமில்லை.

டப்பா கொண்டுபோனால் கடையில் சலித்துக்கொள்கிறார்களே?

அவர்கள் பக்கம் நின்று பாருங்கள். வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். டப்பாவின் எடையைக் கழிக்க வேண்டும். டப்பா சுத்தமாக இல்லாமல் பொருள் கெட்டால் பழி கடைக்கு. இந்த மூன்றையும் நாமே தீர்த்துக்கொண்டு போனால் முகச்சுளிப்பு குறையும். டப்பாவின் வெறும் எடையைக் கிராமில் அடியில் அழியாத மையால் எழுதி வையுங்கள். ஈரமில்லாத, வாய் அகன்ற டப்பாவாக எடுத்துப் போங்கள். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். உணவுக்கடையில் அவர்கள் கரண்டி உங்கள் டப்பாவின் விளிம்பில் படக்கூடாது. டப்பாவை ஒரு தட்டில் வைத்து நீட்டினால் அவர்கள் கையும் அதைத் தொட வேண்டியதில்லை.

ஒருவர் கேட்டால் அது தொந்தரவு. ஒரே தெருவிலிருந்து பத்துப் பேர் கேட்டால் கடைக்காரரே தராசுப் பக்கத்தில் ‘டப்பா கொண்டுவரலாம்’ என்று எழுதி ஒட்டிவிடுவார். அவருக்கும் உறைச் செலவு மிச்சம்.

எல்லாம் தெரிகிறது, ஆனால் பையை மறந்துவிட்டுப் போய்விடுகிறேன்.

பை வீட்டு அலமாரியில் இருந்தால் மறக்கத்தான் செய்யும். செருப்பு வைக்கும் இடத்தில் ஒன்று, வண்டியில் ஒன்று, அலுவலகப் பைக்குள் மடித்த ஒன்று. சாமானை இறக்கியதும் பை அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும், சமையலறையில் தங்கக்கூடாது.

மறதி தனிமனிதக் குறை இல்லை என்பதற்கு அயர்லாந்து நல்ல சாட்சி. 2002-ல் அங்கே ஒவ்வொரு பிளாஸ்டிக் பைக்கும் 15 சென்ட் வரி போட்டு, அதை வாடிக்கையாளரே தர வேண்டும் என்றார்கள். கொஞ்ச காலத்தில் பைப் பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அதே மக்கள்தான், ஞாபகசக்தி கூடிவிடவில்லை. இலவசம் என்பது நின்றது.

பார்சல் டப்பாவுக்கும் காகிதக் கோப்பைக்கும் வழியே இல்லையா?

முதலில் ஒன்று: காகிதக் கோப்பை என்பது காகிதம் மட்டும் இல்லை. உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம்தான் அது ஊறிக் கசியாமல் தடுக்கிறது.

வழி இருக்கிறது. வைப்புத்தொகை முறை. கோப்பைக்கு ஒரு தொகை கொடுத்து எடுத்துப்போகிறீர்கள், திருப்பித் தரும்போது பணம் கைக்கு வருகிறது. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரம் 2016-ல் இப்படி ஒரு கோப்பையை 1 யூரோ வைப்புத்தொகையில் அறிமுகப்படுத்தியது. திட்டத்தில் சேர்ந்த எந்தக் கடையில் வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம். 2023 முதல் ஜெர்மனியில் பார்சல் தரும் பெரிய உணவகங்கள் திரும்பப் பயன்படும் பாத்திரத்தையும் ஒரு தேர்வாக வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அங்கே நிரப்பிப் பயன்படுத்தும் கண்ணாடி பாட்டில்கள் 50 முறை வரைகூடச் சுற்றி வருகின்றன.

இது ஓடுவதும் படுத்துவிடுவதும் சில சில்லறை விஷயங்களில் இருக்கிறது. எல்லாக் கோப்பையும் ஒரே அளவில், ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும்படி இருக்க வேண்டும். வாங்கிய இடத்தில் மட்டும் திருப்பித் தரலாம் என்றால் யாரும் தரமாட்டார்கள், போகிற வழியில் எல்லாம் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் இடம் வேண்டும். கழுவும் பொறுப்பு யாருடையது என்று முதல் நாளே முடிவாக வேண்டும். வைப்புத்தொகை ரொம்பக் குறைவாக இருந்தால் கோப்பை வீட்டிலேயே தங்கிவிடும், ரொம்ப அதிகமென்றால் யாரும் எடுக்கமாட்டார்கள்.

சானிட்டரி நாப்கினுக்கு மாற்று பாதுகாப்பானதா?

உடலுக்குள் வைத்து ரத்தத்தைச் சேகரித்து, கழுவித் திரும்பப் பயன்படுத்தும் மாதவிடாய்க் கோப்பையைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் ‘லான்செட் பப்ளிக் ஹெல்த்’ இதழ் வெளியிட்ட கட்டுரை, அது பாதுகாப்பானது, கசிவிலும் மற்றவற்றுக்குக் குறைந்ததில்லை என்று சொன்னது. நல்ல சிலிகான் கோப்பை ஒன்று 10 ஆண்டு வரை வரும். பழகுவதற்குச் சில மாதம் பிடிக்கும், அதனால் முதல் மாதத்திலேயே ‘எனக்கு ஒத்துவரவில்லை’ என்று ஒதுக்க வேண்டாம். துணி நாப்கினைக் குளிர்ந்த நீரில் அலசி, சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் உலர்த்த வேண்டும். கூச்சத்தால் இருட்டு மூலையில் உலர்த்துவதுதான் தொற்றுக்கு வழி. கருப்பைக்குள் கருத்தடைச் சாதனம் வைத்திருப்பவர்கள் கோப்பைக்கு மாறுமுன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

தண்ணீரும் தனியறையும் கிடைக்காத பெண்ணிடம் போய் இதை வற்புறுத்தக்கூடாது. அவளுக்கு முதலில் கழிப்பறை வேண்டும்.

எல்லாப் பிளாஸ்டிக்கும் கெட்டதா?

இல்லை. ஊசி, ரத்தப் பை, குளுக்கோஸ் குழாய் இவற்றுக்கு ஈடான மாற்று இப்போதைக்குக் குறைவு. வளையும் உறிஞ்சுகுழல் இல்லாமல் தண்ணீர் குடிக்க முடியாத மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். உலோகக் குழல் அவர்கள் பல்லையும் வாயையும் காயப்படுத்தும். தடை பேசும்போது இவர்களுக்கு விலக்கு வைத்தே பேச வேண்டும். நம் சண்டை, சில நிமிடம் பயன்பட்டுப் பல தலைமுறை கிடக்கும் பொருட்களோடுதான்.

எரித்துவிட்டால் இடம் மிச்சமாகுமே?

தயவுசெய்து எரிக்காதீர்கள். திறந்த வெளியில் பிளாஸ்டிக் அரைகுறையாக எரியும். பிவிசி போலக் குளோரின் உள்ள வகை சேர்ந்தால் டையாக்சின் என்ற நச்சு உண்டாகும். அது உடல் கொழுப்பில் தங்கும், புற்றுநோய்க்குக் காரணமாகும். முதலில் மூச்சில் இழுப்பவர் எரிப்பவரும் அவர் வீட்டுக் குழந்தைகளும்தான்.

எரிக்காமல் விட்டாலும் அது பொடியாகிக்கொண்டே இருக்கும். 2004-ல் பிரிட்டன் விஞ்ஞானி ரிச்சர்ட் தாம்சன் கடற்கரை மணலில் கண்ட இந்தத் துகள்களை மைக்ரோபிளாஸ்டிக் என்று குறித்தார். 2022-ல் நெதர்லாந்தில் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள், 17 பேரிடம் பிளாஸ்டிக் துகள் இருந்தது.

விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினோம், பேரணி போனோம். ஒன்றும் மாறவில்லை. ஏன்?

ஆமை மூக்கில் உறிஞ்சுகுழல் மாட்டிய படத்தைப் பார்த்து வருத்தப்படாதவர்கள் இல்லை. பிளாஸ்டிக் கெடுதல் என்று தெரியாதவர்களும் இன்று அநேகமாக இல்லை. வருத்தப்பட்டவர் வெளியே வந்து தாகத்துக்குத் தண்ணீர் தேடினால், பாட்டில் விற்கும் கடைதான் கண்ணில் படுகிறது, குடிநீர்க் குழாய் படுவதில்லை. அவர் என்ன செய்வார்? தெரிந்ததைச் செய்ய ஒரு வழியை முதலில் வைத்துவிட்டு அப்புறம் பேச வேண்டும். குழாயைப் போட்டுவிட்டு, ‘பாட்டில் கொண்டுவாருங்கள், இங்கே நிரப்பலாம்’ என்று சொன்னால் அந்த ஒரு வரியே போதும்.

இங்கிலாந்தில் மாட்பரி என்ற சிற்றூர் 2007-ல் பிளாஸ்டிக் பையை ஒழித்தது. அந்தப் பகுதியைச் சேர்ந்த ஒளிப்பதிவாளர் ரெபெக்கா ஹோஸ்கிங், பசிபிக் தீவுகளில் கடற்பறவைகள் பிளாஸ்டிக் தின்று செத்ததைப் படமெடுத்துத் திரும்பியவர். அதை ஊர் வியாபாரிகளுக்குப் போட்டுக் காட்டினார். கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் பை கொடுப்பதை நிறுத்தினார்கள், மாற்றுப் பைகளைக் கையில் வைத்துக்கொண்டு. ‘பக்கத்துக் கடையில் தருகிறார்களே’ என்று சொல்ல இடமே இல்லை. இதில் நான் கவனிப்பது யாரிடம் பேசினார் என்பதைத்தான். வாடிக்கையாளர்கள் ஆயிரக்கணக்கானவர்கள், கடைக்காரர்கள் கொஞ்சம் பேர்.

கூட்டத்தில் யார் பேசுகிறார்கள் என்பதும் முக்கியம். நிபுணரை அழைக்கிறோம். அந்தக் குப்பையைத் தினமும் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரை அழைப்பதில்லை. சாப்பாட்டு மிச்சத்தோடு கட்டிப் போட்ட பையை அவிழ்த்தால் எப்படி இருக்கும், கண்ணாடிச் சில்லு எங்கே கையைக் கிழிக்கும், எந்தப் பொருளை எடுத்தால் காசு வரும், எதை யாரும் வாங்கமாட்டார்கள் என்று அவர் பத்து நிமிடம் சொன்னால் மற்றவர் ஒரு மணி நேரம் பேசுவதைவிட மனதில் நிற்கும். அழைத்தால் மரியாதையாக மேடையில் உட்காரவைத்து, அன்றைய கூலியையும் கொடுத்து அழையுங்கள்.

கேட்பதைச் சின்னதாகக் கேளுங்கள். ‘பூமியைக் காப்போம்’ என்றால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. ‘அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவரவர் டம்ளர் கொண்டுவர வேண்டும்’ என்றால் தெரியும். அப்புறம் என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள். போன மாதம் எத்தனை கோப்பை எறிந்தோம், இந்த மாதம் எத்தனை என்று அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தால், அடுத்த முறை கொண்டுவராதவர் தானாகவே யோசிப்பார்.

பள்ளியில் என்ன செய்யலாம்?

சுவரொட்டிப் போட்டியோடு நிறுத்தாதீர்கள். மாணவர்களே கையுறை போட்டுக்கொண்டு ஒரு நாள் பள்ளிக் குப்பையை எடைபோட்டுப் பிரிக்கட்டும். எந்த வகுப்பில் எந்த உறை அதிகம், சிற்றுண்டிக் கடையிலிருந்து வந்தது எவ்வளவு என்று அட்டவணை போடட்டும். கணக்குப் பாடமும் அதில் முடிந்துவிடும். அந்தத் தாளோடு தலைமை ஆசிரியரிடமும் சிற்றுண்டிக் கடைக்காரரிடமும் அவர்களே பேசட்டும்.

இந்தோனேசியாவின் பாலித் தீவில் 2013-ல் மெலாத்தி, இசபெல் விஜ்சன் என்ற சகோதரிகள் பைகளுக்கு எதிராக இயக்கம் ஆரம்பித்தபோது மூத்தவருக்கு 12 வயது, இளையவருக்கு 10. கையெழுத்து வாங்கினார்கள், கடற்கரையைச் சுத்தம் செய்தார்கள், ஆளுநரைச் சந்திக்கும்வரை விடவில்லை. 2019-ல் அங்கே பிளாஸ்டிக் பைத் தடை நடைமுறைக்கு வந்தது. குழந்தைகளால் இவ்வளவு தூரம் போக முடியும். ஆனால் அம்மா அப்பாவைக் கண்காணித்துப் புகார் சொல்லும் வேலையை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

இதெல்லாம் வசதியுள்ளவர்களுக்குத்தானே?

கடையில் மினுக்காக அடுக்கியிருக்கும் ‘பசுமை’ப் பொருட்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். தினக்கூலி வாங்குபவர் சின்னப் பாக்கெட்டாக வாங்குவது அவர் தப்பில்லை, அன்றைக்குக் கையிலிருக்கும் காசு அவ்வளவுதான். அவரிடம் பெரிய பாட்டில் வாங்கச் சொல்வதற்குப் பதில், எண்ணெயும் சோப்புத் திரவமும் வேண்டிய அளவு ஊற்றித்தரும் கடை தெருவில் இருந்தால் போதும். அளந்து வாங்கும்போது உறைக்கான காசு அவருக்கு மிச்சம்.

குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களையும் மறக்கக்கூடாது. பாட்டில் குறைந்தால் அவர்கள் வருமானம் குறையும். பாத்திரம் சேகரிப்பது, கழுவுவது, பழுது பார்ப்பது போன்ற புது வேலைகளை முதலில் அவர்களுக்கே கொடுக்க வேண்டும்.

நான் ஒருத்தர் மாறி என்ன ஆகிவிடும்? கம்பெனிகள் அல்லவா மாற வேண்டும்?

கம்பெனிகள் மாறத்தான் வேண்டும். அதற்குச் சட்டம் வேண்டும். வெள்ளத்தில் சாக்கடைகளைப் பை அடைத்துப் பட்ட பாட்டுக்குப் பிறகு, வங்கதேசம் 2002-ல் மெல்லிய பிளாஸ்டிக் பையைத் தடை செய்தது. நாடு முழுக்கத் தடை போட்டதில் அதுதான் உலகில் முதல். ஆனால் மாற்றுப் பை மலிவாகக் கிடைக்காமல், கண்காணிப்பும் தளர்ந்ததும் பைகள் சந்தைக்குத் திரும்பிவிட்டன. சட்டத்தையும் ஏற்பாட்டையும் தனித்தனியாக விட்டால் இரண்டும் நிற்காது.

உலக அளவில் 2022 மார்ச்சில் நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை, பிளாஸ்டிக்குக்கு எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தம் வேண்டும் என்று தீர்மானித்தது. 2025 ஆகஸ்டில் ஜெனிவாவில் நடந்த பேச்சும் உடன்பாடு இல்லாமல் முடிந்தது. உற்பத்தியையே குறைக்க வேண்டுமா, கழிவை மட்டும் கவனித்தால் போதுமா என்பதுதான் பெரிய தகராறு. உற்பத்திக்கு வரம்பு வேண்டும் என்பது என் கருத்து. அதற்காகக் குரல் கொடுப்பவர் கையில் ஒரு துணிப்பையும் இருக்கட்டும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

கடற்கரை, ஏரிக்கரைச் சுத்தம் செய்வதால் பயன் உண்டா?

எண்ணினால் உண்டு. 1986 முதல் நடந்துவரும் சர்வதேசக் கடற்கரைத் தூய்மை இயக்கத்தில் எடுப்பதையெல்லாம் வகைவாரியாகக் குறித்துக்கொள்கிறார்கள். அதனால்தான் சிகரெட் துண்டும் தின்பண்ட உறையும் பட்டியலில் மேலே இருக்கின்றன என்று தெரிகிறது. சிகரெட்டின் பஞ்சு முனையும் ஒருவகை பிளாஸ்டிக்தான். நீங்களும் எந்தப் பொருள், எந்த நிறுவனம் என்று குறித்து உள்ளாட்சியிடம் கொடுங்கள். படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் அடுத்த வாரமே அதே இடம் அதே போல் ஆகிவிடும்.

எங்கள் தெருவில் பாத்திர வங்கி ஆரம்பிக்க ஆசை. என்னென்ன வேண்டும்?

பாத்திர வங்கி என்றால், விசேஷங்களுக்கு எறியும் தட்டு, டம்ளருக்குப் பதிலாக எவர்சில்வர் தட்டு, டம்ளர், கரண்டிகளை இரவல் தரும் இடம். பெரிய முதலீடு வேண்டாம். பல வீடுகளில் பரணில் சும்மா கிடக்கும் பாத்திரங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒரே அளவில் இருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுக்கவும் எண்ணவும் முடியாது. ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் அடையாளம் பொறித்துவிடுங்கள். இருபத்தைந்து உருப்படி கொள்ளும் பெட்டிகளில் அடுக்கினால், கொடுக்கும்போதும் வாங்கும்போதும் பெட்டியை எண்ணினால் போதும்.

ஒரு நோட்டு போடுங்கள்: யார், எத்தனை பெட்டி, எந்தத் தேதி, வைப்புத்தொகை எவ்வளவு, எத்தனை குறைந்தது. குறைந்தவற்றுக்கு மட்டும் பணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாடகை வாங்குவதா வேண்டாமா என்று கேட்டால், கழுவுபவருக்குக் கூலி கொடுக்கும் அளவுக்காவது வாங்குங்கள் என்பேன். இலவசமாக ஓடும் வங்கிகளில் கழுவும் வேலை கடைசியில் இரண்டு மூன்று பெண்களின் தலையில் விழுந்து, அவர்கள் சலித்ததும் எல்லாம் நின்றுவிடும்.

இடம் முக்கியம். மூன்று தொட்டி: மிச்சத்தை வழித்துச் சோப்பில் தேய்க்க ஒன்று, அலச ஒன்று, வெந்நீரில் முக்க ஒன்று. காய வைக்கக் காற்றோட்டமான கம்பி அடுக்கு. ஈரத்தோடு அடுக்கினால் வாடை பிடிக்கும், அடுத்த வீட்டார் வாங்கமாட்டார்கள். ஆரம்பத்தில் நூறு பேருக்கு மேற்பட்ட விசேஷங்களை ஒப்புக்கொள்ளாதீர்கள். கழுவும் இடமும் ஆட்களும் ஈடுகொடுக்கிறார்களா என்று பார்த்துவிட்டு எண்ணிக்கையைக் கூட்டலாம்.